டமாஸ்கஸ் கத்தி எந்த ஊர்க் கத்தி?

வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சாமான் ஒன்றேனும் இருக்கக் காணலாம். கரோல்பாகிலோ மாதுங்காவிலோ ஒரு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால், எத்தனை புதுக் கருவிகள் வந்திருந்தாலும், மூலையில் ஓர் அரிவாள்மனை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதை எந்தத் திருவிழாக் கடையில், யார் பேரம் பேசி, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதை அவ்வீட்டு அம்மாள் ஒன்றுவிடாமல் சொல்லுவார். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட கத்தி அத்தகையதன்று. அதன் பெயரிலேயே ஒரு பெரிய நகரம் இருக்கிறது. ஆயினும் அதைச் செய்த ஊர் எது என்று கேட்டால் விற்பவர் விழிக்கிறார், வாங்கியவரும் விழிக்கிறார்.

சென்ற விடுமுறையின்போது தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குச் சென்றிருந்தோம். எல்லைச் சாவடியைக் கடந்ததும் இருமருங்கிலும் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடைகள். அவற்றுள் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று அட்டைப் பெட்டியில் வைத்த காய்கறிக் கத்தி. மற்றது எலும்புப் பிடியும் பித்தளைக் குமிழ்களும் தோல் உறையும் கொண்ட சிறு கத்தி. இரண்டின் அலகிலும் நீரோட்டம் போன்ற வரிகள் நெளிந்தன. மழைநீர் வடிந்த மணலைப் பார்ப்பது போலிருந்தது.

“டமாஸ்கஸ் கத்தியாக்கும் சார். ஒரிஜினல்” என்றார் கடைக்காரர்.

“டமாஸ்கஸிலிருந்தா வருகிறது?”

“பின்னே? பேரே அதுதானே சார்!”

முதலாவதற்கு நானூற்றைம்பது ரூபாய், இரண்டாவதற்கு ஆயிரத்தெண்ணூறு. சிரியா நாட்டுத் தலைநகரில் பிறந்த கத்தி இந்த விலைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையேறி வந்திருக்குமா என்ற ஐயத்துடனேயே இரண்டையும் வாங்கினோம். சட்டதிட்டங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நமக்கு, ‘உற்பத்தி நாடு’ என்ற சொல்லைக் கண்டால் விட்டுச்செல்ல மனம் வருவதில்லை. அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில், கண்ணாடி அணிந்தும் எளிதில் படிக்க முடியாத சிற்றெழுத்தில், சீனாவில் செய்தது என்று அச்சிட்டிருந்தது. எலும்புப் பிடிக் கத்தியில் ஓரெழுத்தும் இல்லை.

குமுளியிலிருந்து பூப்பாறை, மூணாறு, மறையூர் வழியாக மலையிறங்கினோம். எல்லையோரத்து அந்தப் பாதை முழுவதும் கத்திகளின் உலகம் என்றே சொல்லலாம். விடியற்காலையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்கு ஏறி வருகிற பெண்களின் கூடைகளில் அரிவாள். தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக் கத்தி. மறையூரில் வெல்லம் காய்ச்சுவோரின் கரும்புக் காடுகளில் நீண்ட வெட்டுக்கத்தி. இவற்றுள் ஒன்றிலும் நீரோட்ட வரி கிடையாது. நாள் முழுவதும் வெட்டிவிட்டு மாலையில் ஒரு கல்லில் தீட்டினால் போதும் என்னும்படியான கத்திகள் அவை. பிறகு உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கோபாலபுரம் கடந்து, பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை அடைந்தோம். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துச் செல்லும் ஊர் அது. அங்கே உறவினர் ஒருவர் நம்மை ஒரு கொல்லுப் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்.

ஆசாரியாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி; உலையும் அடைகல்லும் பழையவை. இரண்டு கத்திகளையும் அவர் முன் வைத்தோம். அவர் வரிகளைப் பார்க்கவேயில்லை. முதலில் அலகைச் சுண்டி ஓசை கேட்டார்; பிறகு ஓர் உப்புத்தாளை எடுத்து இரண்டிலும் ஓரிடத்தில் வரி மறையும்வரை தேய்த்தார்; எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவ்விடத்தில் பிழிந்துவிட்டு, “சித்த நேரம் இருங்க ஐயா, டீ குடிக்கலாம்” என்றார்.

டீ குடித்துத் திரும்பியபோது விடை அங்கே எழுதப்பட்டிருந்தது. அட்டைப்பெட்டிக் கத்தியில் தேய்த்த இடம் வெறும் பளபளப்பு, வரி திரும்பவேயில்லை. எலும்புப் பிடிக் கத்தியிலோ, மங்கலாயினும், வரிகள் அடியிலிருந்து மீண்டும் எழுந்திருந்தன.

“இது மேல வரைஞ்சதுங்க. அது அப்படியில்லீங்க, ரெண்டு தினுசு இரும்பைச் சேத்து அடிச்சிருக்காங்க. உள்ள வரைக்கும் போகுது” என்றார் ஆசாரியார்.

நேயர்கள் தங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது. ஆனால் விலையுயர்ந்த கத்தியின் முகப்பில் செய்துவிட வேண்டாம், பிடியையொட்டிய ஒரு மூலையே போதும். துருப்பிடிக்காத எஃகினால் ஆன கத்தியானால் எலுமிச்சைக்கு மசியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தகைய கத்தியிலும் உண்மையான அடுக்கு உண்டு. ஜப்பானில் அவ்வகைக் கத்திகள் சிறப்பாகச் செய்யப்படுகின்றன. மேலே மட்டும் லேசர்க் கதிரினாலோ அமிலத்தினாலோ வரையப்பட்ட மலிவுக் கத்திகளே போலிகள். சீனத்தில் குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்றது. நல்ல கத்தியும் மலிவுக் கத்தியும் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன.

இரண்டாவது கத்தியின் வரலாறுதான் சுவையானது. கரிச்சத்து மிகுந்த எஃகுத் தகடுகளையும் நிக்கல் கலந்த எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் வெண்சூடாக்கிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவர். அதை நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பர். அடுக்குகள் இரட்டித்துக்கொண்டே போகும். அலகு தீர்ந்ததும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் தோய்த்தால், சாதாரண எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு வெளுப்பாகவே நிற்கும். இதுவே இன்று டமாஸ்கஸ் என்று விற்கப்படும் பெரும்பாலான கத்திகளின் இரகசியம். கைதேர்ந்த கொல்லர் செய்தால் இது மிக நல்ல கத்தி. விலையும் அதற்கேற்றபடி பன்மடங்கு இருக்கும். நம்முடைய கத்தியில் ஆசாரியார் அரம் போட்டுப் பார்த்தார். அரம் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று. “தோய்ச்சல் சரியாப் போடலீங்க” என்றார். முனைக்கருகில் இரண்டு அடுக்குகளுக்கிடையே மயிரிழை போன்ற ஒரு பிளவையும் நகத்தால் தொட்டுக் காட்டினார்.

தில்லிக்குத் திரும்பிய பின் கத்தி வணிகத்தில் பழகிய ஒரு நண்பரிடம் காட்டினோம். ஒட்டக எலும்புப் பிடி, பித்தளைக் குமிழ், கையால் தைத்த தோலுறை, பெயரற்ற அலகு, இந்த விலை ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்தவர், “வஜீராபாத்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் செனாப் நதிக்கரையிலுள்ள ஊர் அது. ஆங்கிலேயர் காலத்திலேயே, அவ்வூரும் அருகிலுள்ள நிஜாமாபாத் என்ற சிற்றூரும் கத்தி, வாள் வேலைக்குப் பேர்பெற்றிருந்தன. இன்று உலகச் சந்தையில் மலிவு விலைக்கு விற்கும் டமாஸ்கஸ் கத்திகளில் பெரும்பகுதி அங்குள்ள சிறு பட்டறைகளில் பிறப்பதே. இந்தியாவிலும் உதயப்பூர் முதலிய இடங்களில் இவ்வகை வேலை செய்வோர் உண்டு. ஆனால் உலகச் சந்தையின் மலிவு விலையை நிர்ணயிப்பது வஜீராபாத்தான்.

அப்படியானால் அலகில் ஊர்ப்பெயர் ஏன் இல்லை? அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டப்படி, இறக்குமதியாகும் கத்திகளில் உற்பத்தி நாட்டின் பெயரை அழியாதபடி பொறிக்க வேண்டும். நம் நாட்டிலும் இறக்குமதிப் பண்டங்களின் உறையில் உற்பத்தி நாட்டைக் குறிக்க வேண்டுமென விதி இருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இணையக் கடைகளுக்கும் அதை வலியுறுத்துகின்றன. விதி இருந்தும் பெயர் மறைவதற்குக் காரணம் எளிது. வஜீராபாத் என்று பொறித்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். ஒன்றும் பொறிக்காவிட்டால் டமாஸ்கஸ் என்று அவராகவே எண்ணிக்கொள்வார். இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானப் பொருள்களுக்கு 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அந்நாட்டு இறக்குமதி முழுவதுமே தடை செய்யப்பட்டது. பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் வழி அடைபட்டபின், பெயரில்லாத பண்டம் பழைய இருப்பாகவோ பிற நாடுகளைச் சுற்றியோ கடைக்கு வந்து சேர்கிறது.

இதில் வஜீராபாத்துக் கொல்லரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் கத்தி செய்கிறார். பெயர் வைப்பவர் வேறொருவர். நாள்முழுதும் புகையிலும் சூட்டிலும் நின்று அவர் பெறும் கூலி, அக்கத்தி குமுளிக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்த விலையில் எத்தனை சிறு பங்காக இருக்கும்!

டமாஸ்கஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை இனிப் பார்ப்போம். சிலுவைப் போர்க் காலம் தொட்டு மேலைநாட்டார் வியந்த வாள்கள் அந்நகரத்துச் சந்தையில் விற்றன. அந்நகரின் பெயரே வாளுக்கும் வந்தது என்பர் ஒரு சாரார். அலகிலிருந்த நீரலை வரியைக் குறித்த அரபுச் சொல்லே அது என்பர் மறுசாரார். 1401 இல் தைமூர் அந்நகரைக் கொள்ளையிட்டு, அங்கிருந்த கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுசென்றான். ஆனால் அவ்வாள்களுக்குரிய எஃகு சிரியா நாட்டு மண்ணில் விளைந்ததன்று. அரபு மொழியில் நல்ல வாளுக்கு ‘முஹன்னத்’ என்று ஒரு பெயர் உண்டு. ‘இந்தியாவைச் சேர்ந்தது’ என்பதே அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூலெழுதிய அல் கிந்தி, சரந்தீபத்திலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, வந்த எஃகையும் குறிப்பிடுகிறார்.

அந்த எஃகைத்தான் மேலைநாட்டார் ‘ஊட்ஸ்’ என்றனர். பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட கட்டிகளை ஆராய்ந்து பியர்சன் என்பவர் 1795 இல் எழுதிய கட்டுரையில் அச்சொல் வருகிறது. கன்னடத்தில் ‘உக்கு’, தமிழிலும் மலையாளத்திலும் ‘உருக்கு’ என வழங்கும் சொல்லே கேட்டவர் காதிலும் எழுதியவர் கையிலும் திரிந்து அவ்வாறு ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அருகிலிருந்திருந்தால் ஆங்கில அகராதிக்கு ஒரு நல்ல திராவிடச் சொல் பழுதின்றிக் கிடைத்திருக்கும்! மின்சாரத் துறையில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இந்த எஃகின் இரகசியத்தைத் தேடி உழைத்தார் என்பது பலர் அறியாதது.

செய்முறை இதுதான். மெல்லிய இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் சேர்த்து, உமி கலந்த களிமண்ணால் செய்த மூசையில், அதாவது சிறு மண்குடுவையில், இட்டு வாயைப் பூசி அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பினுள் சென்று, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கலந்து, உள்ளே உள்ளது உருகி எஃகுக் கட்டியாகும். சேலம் பகுதியில் இம்முறை பயின்றதை, பரங்கிப்பேட்டையில் 1830 இல் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டியை அதிகச் சூடேற்றாமல் பொறுமையாகத் தட்டித் தட்டி அலகாக்கினால், வரிகள் எஃகினுள்ளிருந்து தாமே தோன்றும். இரண்டு இரும்பை ஒட்டிச் செய்வது வேறு, இது வேறு. அமெரிக்க உலோகவியலார் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் 1990களில் கூடிச் செய்த ஆராய்ச்சியில், கனிமத்திலிருந்த வனேடியம் போன்ற பொருள்களின் மிகச் சிறிய கலப்பே அவ்வரிகளுக்குக் காரணம் என்று காட்டினர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரானத்து வணிகர் நேரே வந்து எஃகுக் கட்டி வாங்கிச் சென்ற ஊர் கோனசமுத்திரம். அது தெலங்கானத்தில் நிஜாமாபாத் பகுதியில் உள்ளது. இன்று மலிவு டமாஸ்கஸ் கத்தி பிறக்கும் வஜீராபாத்துக்கு அருகிலுள்ள ஊரின் பெயரும் நிஜாமாபாத் என்று முன்பே சொன்னோம். பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவர் ஆயிரம் மைல் தவறிப் போவதற்கு இதைவிட நல்ல பொறி வேண்டுமோ?

கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது நமக்குத் தோன்றிய எண்ணத்தையும் சொல்லவேண்டும். அவ்வூர் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ளது. நெடுமலைத் தொடர் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் அக்கணவாயின் வழியேதான், சங்க காலத்தில் கொங்கு நாட்டுப் பண்டங்கள் மேலைக் கடற்கரையின் முசிறித் துறைக்குச் சென்றன. கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ எனச் சுட்டப்படுவது அதுவே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது, மணி கடைந்த இடங்களோடு, இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளை வைத்து எஃகு செய்ததற்கான தடயங்களும் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் எஃகு செய்த மூசைகளைச் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்தார். எஃகுக் கட்டிகளில் எத்தனை இக்கணவாயின் வழியே மேற்கே சென்றனவோ, எண்ணிப் பார்க்க வழியில்லை. 1800 இல் இதே வழியாகக் கோயம்புத்தூரிலிருந்து மலபாருக்குச் சென்ற புக்கனன் என்ற பிரிட்டிஷ் அலுவலர், மைசூர் நாட்டில் மூசை எஃகு செய்வதையும் மலபாரில் இரும்பு உருக்கும் உலைகளையும் பார்த்து எழுதினார். அதற்குப் பின், பெஸமர் முறையில் டன் டன்னாக எஃகு வார்க்கும் ஆலைகள் சீமையில் எழுந்தன, கரிக்கு வேண்டிய காடுகள் இங்கே அரசாங்கத்தின் பூட்டுக்குள் சென்றன, உலைகள் அவிந்தன.

இவற்றையெல்லாம் ஆசாரியாரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்க பண்டம் பேர் போன கதை சொல்றீங்க, நம்ம பண்டத்துக்கு நேத்திக்கு நடந்ததைக் கேளுங்க” என்றார். அவரிடம் மொத்தமாக அரிவாள் வாங்கிச் செல்லும் ஒரு வியாபாரி, அவற்றின் மேல் திருப்பாச்சேத்தி என்று சீட்டு ஒட்டி விற்பதாக அவருக்குச் சேதி வந்திருந்தது. சிவகங்கைச் சீமையின் அந்த ஊர் அரிவாளுக்குப் பேர்பெற்றது. அந்தப் பெயரிருந்தால் நூறு ரூபாய் கூடக் கிடைக்குமாம்.

“நீங்கள் உங்கள் ஊர்ப் பெயரைப் பொறிக்கலாமே?” என்று கேட்டோம்.

“எழுத்து வெட்டின உளி இல்லீங்க. அப்பா காலத்துல மூணு புள்ளி குத்துவோம். இப்ப புள்ளி இருந்தா வியாபாரி எடுக்க மாட்டேங்கறாரு.”

லாரிப் பட்டையை வாங்கி, வெட்டி, அடித்து, தோய்ச்சல் போட்டு, ஒரு நாளைக்கு நாலைந்து அரிவாள் செய்கிற மனிதர் அவர். புள்ளி வேண்டாம் என்பவரை விட்டால் அந்த வாரம் அரிசி வாங்க வேறு ஆளில்லை. குமுளியில் நாம் வாங்கிய கத்தியில் பெயரில்லாததன் காரணம் அப்போதுதான் நமக்கு முழுதாக விளங்கிற்று.

விடைபெறும் சமயத்தில் எலும்புப் பிடிக் கத்தியை அவர் மறுபடியும் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிடி நல்ல வேலைங்க ஐயா. எவனோ மனசு வெச்சுச் செஞ்சிருக்கான். அலகை மட்டும் மாத்தித் தரட்டுங்களா?” என்று கேட்டார். சரி என்றோம். மறுநாள் காலையில் போனபோது, செனாப் நதிக்கரைப் பிடியில் கொழிஞ்சாம்பாறை அலகு ஏறியிருந்தது. வரியில்லாத கறுத்த அலகு. பிடியையொட்டி மூன்று புள்ளிகள். முந்நூறு ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்தார்.

அக்கத்தி இப்போது தில்லியில் நம் வீட்டுச் சமையலறையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெண்டைக்காயை நன்றாக அரிகிறது. அதன் உற்பத்தி நாடு எது என்று விதிப்படி எழுதச் சொன்னால் என்ன எழுதுவதென்று அலுவலக நண்பர்கள் இருவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.